தரவேற்றமும் இணைப்புப் பிழையும்: ஒரு வரலாறு

தரவேற்றம் என்பது கோப்பிலோ வேறொரு கணினி அமைப்பிலோ உள்ள தரவுகளைத் தரவுத்தளத்தின் அட்டவணைகளில் சேர்க்கும் பணியாகும். இதற்கென எழுதப்படும் குறுநிரல்கள் பெரும்பாலும் இரவு நேரத்தில், யாரும் பார்த்துக்கொண்டிராத வேளையில் ஓடுகின்றன. ஏற்றம் நடந்துகொண்டிருக்கும்போது தரவுத்தள வழங்கியுடனான இணைப்பு அறுந்தால் மூன்று கேள்விகள் எழுகின்றன. எதுவரை ஏறியது? மீண்டும் முயலலாமா? மீண்டும் முயன்றால் ஒரே பதிவு இருமுறை சேர்ந்துவிடாதா? வங்கிக் கணக்கு, மின்கட்டணம், தேர்வு மதிப்பெண் போன்ற தரவுகளில் ஒரு தொகுதி விடுபட்டாலும் இருமுறை ஏறினாலும் பாதிப்பு மக்களைச் சேர்கிறது. இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிய முயற்சிகள் 60 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகின்றன.

துளை அட்டையும் காந்த நாடாவும்

தொடக்ககாலக் கணினிகளில் தரவுகள் துளை அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் இருந்தன. நிரலும் தரவும் ஒரே இயந்திரத்தில் இருந்ததால் 'இணைப்புப் பிழை' என்ற ஒன்று அப்போது இல்லை. ஆனால் பாதியில் நின்றுபோகும் சிக்கல் இருந்தது. பல மணி நேரம் ஓடும் வேலை, நாடா படிப்பதில் ஏற்பட்ட பிழையாலோ மின்தடையாலோ நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வாக வந்தது 'செக்பாயின்ட்' எனப்படும் தடக்குறி முறையாகும். குறிப்பிட்ட இடைவெளிகளில் நிரல் தன் நிலையைச் சேமித்துக்கொள்ளும். வேலை நின்றால் கடைசித் தடக்குறியிலிருந்து தொடரும். 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயக்குதளத்தில் இவ்வசதி இருந்தது. அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலை நிர்வகிக்க உருவான ஐ.எம்.எஸ். தரவுத்தள அமைப்பு 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிபோர்னியாவின் டவுனி நகரில் முதன்முதலில் இயங்கத் தொடங்கியது. அதன் தொகுதி நிரல்களுக்கும் பின்னர் தடக்குறி இடவும், விட்ட இடத்திலிருந்து தொடங்கவும் தனிக் கட்டளைகள் கிடைத்தன.

இன்றைய தரவேற்றக் கருவிகள் பலவற்றில் இம்மரபு தொடர்கிறது. ஆரக்கிள் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். லோடர், கோப்பின் தொடக்கத்தில் எத்தனை பதிவுகளைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லும் வசதியைத் தருகிறது. டெராடேட்டாவின் ஃபாஸ்ட்லோடு தன் தடக்குறிகளை ஓர் அட்டவணையில் எழுதிவைக்கிறது.

பரிவர்த்தனைக் கோட்பாடு

பாதியில் நின்ற வேலை தரவுத்தளத்தை எந்த நிலையில் விட்டுச்செல்கிறது என்ற கேள்விக்கு 1970-களில் கோட்பாட்டு விடை கிடைத்தது. கலிபோர்னியாவின் சான் ஓசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சிஸ்டம் ஆர் என்னும் தரவுத்தளத் திட்டத்தில் பணியாற்றிய ஜிம் கிரே, பரிவர்த்தனை என்னும் கருத்தை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். பரிவர்த்தனை ஒன்றின் எல்லாச் செயல்களும் நிகழ வேண்டும், அல்லது எதுவுமே நிகழக்கூடாது என்பது அதன் அடிப்படை. முடிவை நிலைப்படுத்தும் கட்டளை 'கமிட்' எனப்படும். அதற்குமுன் இணைப்பு அறுந்தால் வழங்கி அதுவரை நடந்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றுவிடும். இப்பணிக்காக கிரே 1998-இல் டூரிங் விருது பெற்றார்.

பரிவர்த்தனையின் நான்கு பண்புகளுக்கு 'ஆசிட்' என்ற பெயரை தியோ ஹார்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் ஆகியோர் 1983-இல் சூட்டினர். வழங்கி விழுந்து எழுந்தபின் பதிவேட்டைக் கொண்டு தரவைச் சரியான நிலைக்குக் கொண்டுவரும் ஏரிஸ் என்னும் வழிமுறை 1992-இல் வெளியானது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியரான சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் பயின்றவர். இன்று பயன்பாட்டிலுள்ள பல தரவுத்தளங்களின் மீட்பு முறைகளில் ஏரிஸின் தாக்கம் உண்டு.

இவற்றால் வழங்கியின் உள்ளே ஒழுங்கு ஏற்பட்டது. ஆனால் நிரல் ஓர் இயந்திரத்திலும் தரவுத்தளம் வேறோர் இயந்திரத்திலும் இருக்கும் நிலை வந்தபோது, இரண்டுக்கும் நடுவிலிருந்த கம்பி புதிய சிக்கலாயிற்று. 1985-இல் வெளியான ஆரக்கிள் 5-ஆம் பதிப்பு, 1987-இல் வெளியான சைபேஸ் எஸ்.கியூ.எல். சர்வர் ஆகியவை இந்த வாங்கி-வழங்கி முறையைப் பரவலாக்கின.

இரு தளபதிகள் புதிர்

வலையமைப்பில் செய்தி தொலைந்துபோகலாம் என்பதிலிருந்து ஒரு கடினமான புதிர் பிறக்கிறது. அக்கொயுன்லு, ஏகநாதம், ஹூபர் ஆகிய மூவர் 1975-இல் வெளியிட்ட கட்டுரை இதை இரு கொள்ளைக் கும்பல்களின் கதையாக விளக்கியது. 1978-இல் ஜிம் கிரே அதற்கு 'இரு தளபதிகள் புதிர்' என்று பெயரிட்டார். இரண்டு மலைகளில் இரு படைகள் நிற்கின்றன. நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதன் வழியில் பிடிபடலாம். செய்தி சேர்ந்ததா என்பதை உறுதிசெய்ய மறுசெய்தி வேண்டும். அது சேர்ந்ததா என்பதை அறிய இன்னொரு செய்தி வேண்டும். எத்தனை தூதர்களை அனுப்பினாலும் முழு உறுதி கிடைக்காது என்பது நிறுவப்பட்ட முடிவாகும்.

தரவேற்றத்தில் இப்புதிர் அப்படியே தோன்றுகிறது. 10,00,000 பதிவுகள் கொண்ட கோப்பு ஒன்று 10,000 பதிவுகள் வீதம் 100 தொகுதிகளாக ஏற்றப்படுவதாகக் கொள்வோம். 37 தொகுதிகள் முடிந்துவிட்டன. 38-ஆம் தொகுதிக்கான கமிட் கட்டளையை நிரல் அனுப்புகிறது. பதில் வருமுன் இணைப்பு அறுகிறது. கட்டளை வழங்கியைச் சேருமுன் அறுந்திருந்தால் அட்டவணையில் 3,70,000 பதிவுகள் இருக்கும். கமிட் முடிந்து, பதில் வரும் வழியில் அறுந்திருந்தால் 3,80,000 இருக்கும். நிரலின் பக்கம் இரண்டுக்கும் ஒரே பிழைச்செய்திதான் வரும். இதைப் பாராமல் 38-ஆம் தொகுதியை மீண்டும் அனுப்பினால் இறுதியில் 10,10,000 பதிவுகள் சேரக்கூடும். அனுப்பாமல் 39-க்குத் தாவினால் 9,90,000 மட்டுமே இருக்கக்கூடும்.

பிழைக்குப் பெயர் வைத்தல்

தொடக்கத்தில் தரவுத்தளங்கள் பிழையை ஓர் எண்ணாகத் தெரிவித்தன. எதிர்ம எண் வந்தால் பிழை என்பது மட்டுமே பொது. எந்த எண் எதைக் குறிக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது. ஒரு தரவுத்தளத்துக்கு எழுதிய பிழை கையாளும் பகுதி இன்னொன்றுக்குப் பயன்படவில்லை.

1992-இல் வெளியான எஸ்.கியூ.எல். தரவரையறை இந்நிலையை மாற்றியது. அது ஐந்து எழுத்துகள் கொண்ட 'எஸ்.கியூ.எல். ஸ்டேட்' என்னும் குறியீட்டைக் கொண்டுவந்தது. முதல் இரண்டு எழுத்துகள் பிழையின் வகுப்பையும், அடுத்த மூன்று அதன் உட்பிரிவையும் காட்டும். 08 என்னும் வகுப்பு இணைப்புப் பிழைகளுக்கு ஒதுக்கப்பட்டது. 08001 என்றால் இணைப்பை ஏற்படுத்தவே இயலவில்லை. 08004 என்றால் வழங்கி இணைப்பை மறுத்துவிட்டது. 08006 என்றால் இருந்த இணைப்பு அறுந்தது. இவ்வகுப்பில் உள்ள 08007 தனிக் கவனத்துக்குரியது. பரிவர்த்தனையின் முடிவு தெரியவில்லை என்பது அதன் பொருள். இரு தளபதிகள் புதிரைத் தரவரையறையே ஏற்றுக்கொண்டு அதற்கொரு குறியீடு கொடுத்ததாக இதைக் கொள்ளலாம்.

மீண்டும் முயன்றால் சரியாகக்கூடிய பிழை எது, முயன்றும் பயனற்றது எது என்ற வேறுபாடு பின்னர் நிரல்மொழிகளுக்குள் வந்தது. 2006 டிசம்பரில் ஜாவா 6-உடன் வெளியான ஜே.டி.பி.சி. 4.0, பிழைகளைத் தற்காலிகமானவை, தற்காலிகமல்லாதவை, மீளக்கூடியவை என்று மூன்றாகப் பிரித்தது. மூன்றாவது வகையில் பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதிய இணைப்பைப் பெற வேண்டும். செத்துப்போன இணைப்பின் வழியே மீண்டும் மீண்டும் முயல்வது பயன் தராது என்பதை இது தெளிவாக்கியது.

பைத்தான் மொழிக்கான பொது வரையறையான பெப் 249 இந்த அளவுக்குப் பிரிக்கவில்லை. இணைப்பு அறுதல், தரவு மூலத்தின் பெயர் கிடைக்காமை, நினைவக ஒதுக்கீட்டுப் பிழை ஆகிய எல்லாம் 'ஆபரேஷனல் எரர்' என்ற ஒரே பெயரின்கீழ் வருகின்றன. இதனால் பைத்தான் குறுநிரல் எழுதுவோர் உள்ளிருக்கும் குறியீட்டையும் பார்க்க வேண்டியுள்ளது. தவறான கடவுச்சொல்லால் வரும் பிழைக்கு நூறு முறை முயன்றாலும் இணைப்பு கிடைக்காது. கணக்கு முடக்கப்படவே அது வழிவகுக்கும்.

ஒரே குறியீட்டுக்குப் பல காரணங்கள் இருப்பதும் உண்டு. மைசீக்குவெலில் 'வழங்கி போய்விட்டது' என்று தெரிவிக்கும் 2006-ஆம் பிழை, இணைப்பு நெடுநேரம் சும்மா இருந்ததாலும் வரலாம். அங்கு சும்மா இருக்கும் இணைப்புக்கான இயல்பான வரம்பு 28,800 விநாடிகள், அதாவது 8 மணி நேரம். அனுப்பிய தரவுப்பொதி அனுமதித்த அளவைவிடப் பெரிதாக இருந்தாலும் அதே பிழை வரலாம். முதல் காரணத்துக்கு மறு இணைப்பு போதும். இரண்டாவதற்குத் தொகுதியின் அளவைக் குறைக்காமல் எத்தனை முறை முயன்றாலும் அதே இடத்தில்தான் அறும்.

பிழையே வராத பிழை

இணைப்பு அறுந்ததை இரு பக்கமும் அறியாமல் இருப்பதும் உண்டு. நடுவிலுள்ள தீயரண் சும்மா இருக்கும் இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், நிரல் வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். டி.சி.பி. நெறிமுறையில் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் 1989 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1122 ஆவணம், அதன் இயல்பான இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்று விதித்தது. லினக்ஸ் இயக்குதளத்தில் இன்றும் அது 7,200 விநாடிகளாகவே உள்ளது. எனவே, காலவரம்பு எதுவும் வைக்கப்படாத தரவேற்றக் குறுநிரல் பிழை எதையும் காட்டாமல் மணிக்கணக்கில் தொங்கி நிற்கலாம். இணைப்பு ஏற்படுத்தவும், கட்டளை முடியவும் தனித்தனிக் காலவரம்பு வைக்கும் வழக்கம் இதிலிருந்து வந்ததாகும்.

காத்திருந்து முயல்தல்

தோல்விக்குப்பின் எவ்வளவு நேரம் காத்திருந்து முயல்வது என்பதற்கான விடை தரவுத்தளத் துறையிலிருந்து வரவில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிரம்சன் தலைமையில் உருவாகி 1971-இல் இயங்கத் தொடங்கிய அலோகா வலையமைப்பு, தீவுகளிலிருந்த கணினி முனையங்களை வானொலி அலைகளால் இணைத்தது. இரு நிலையங்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் செய்திகள் மோதிச் சிதையும். உடனே இருவரும் மீண்டும் அனுப்பினால் மீண்டும் மோதும். ஆகவே ஒவ்வொரு நிலையமும் ஏதோவொரு சமவாய்ப்பு நேரம் காத்திருந்து அனுப்பியது.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் உருவாக்கிய ஈதர்நெட், இக்கருத்தை வளர்த்தது. மோதல் தொடரத் தொடரக் காத்திருக்கும் நேரத்தின் வரம்பை இரட்டிப்பாக்கும் முறை அதில் வந்தது.

பொறுமையின்றி மீண்டும் அனுப்புவதன் விலை 1986 அக்டோபரில் வெளிப்பட்டது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 400 கெஜம். அவற்றுக்கு இடையிலான தரவு வேகம் விநாடிக்கு 32,000 பிட்டுகளிலிருந்து 40 பிட்டுகளாக வீழ்ந்தது. நெரிசலால் செய்திகள் தொலைய, தொலைந்ததை மீண்டும் அனுப்பியதால் நெரிசல் மேலும் பெருகியது. வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கான தீர்வை முன்வைத்தது.

தரவுத்தளங்களுக்கும் இப்பாடம் பொருந்தும். இணைப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. போஸ்ட்கிரெஸில் இயல்பான வரம்பு 100, மைசீக்குவெலில் 151. வழங்கி மறுதொடக்கம் ஆகும் வேளையில் நூற்றுக்கணக்கான நிரல்கள் ஒரே நொடியில் கதவைத் தட்டினால், எழுந்திருக்க முயலும் வழங்கி மறுபடியும் தடுமாறும். 1, 2, 4, 8, 16 விநாடிகள் என்று இடைவெளியை இரட்டிப்பாக்கினாலும், எல்லா நிரல்களும் ஒன்றாகத் தோற்றிருந்தால் ஒன்றாகவே திரும்பி வரும். அதனால் இடைவெளியில் சமவாய்ப்பைக் கலக்க வேண்டும் என்பதை அமேசான் வலைச்சேவைப் பிரிவைச் சேர்ந்த மார்க் புரூக்கர் 2015-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று விளக்கியது. அலோகா வலையமைப்பின் பழைய உத்தியே இங்கு மீண்டும் வந்தது.

மறுமுயற்சி பல அடுக்குகளில் இருப்பதும் ஆபத்தாகும். நூலகம் 3 முறை, குறுநிரல் 3 முறை, பணிகளை ஓட்டும் கருவி 3 முறை முயன்றால், ஒரே வேலைக்காக வழங்கியின்மேல் 27 முயற்சிகள் விழுகின்றன.

விமானங்களை நிறுத்திய பிழை

இணைப்புப் பிழையைத் தவறாகக் கையாள்வது எவ்வளவு தூரம் போகும் என்பதை மைக்கேல் நைகார்ட் 2007-இல் வெளியிட்ட 'ரிலீஸ் இட்!' நூல் காட்டுகிறது. பெயர் குறிப்பிடப்படாத ஒரு விமான நிறுவனத்தில், பராமரிப்புக்காகத் தரவுத்தளத்தைத் திட்டமிட்டபடி மாற்று வழங்கிக்கு மாற்றினர். அந்த மாற்றம் வெற்றி பெற்றது. ஆனால் பழைய வழங்கியுடன் இருந்த இணைப்புகள் செத்துவிட்டன. நிரலின் துப்புரவுப் பகுதி முதலில் கட்டளையையும் அடுத்து இணைப்பையும் மூடும்படி எழுதப்பட்டிருந்தது. செத்த இணைப்பில் கட்டளையை மூடும்போதே புதிய பிழை எழுந்தது. அதனால் இணைப்பை மூடும் வரி ஓடவே இல்லை. இணைப்புகள் ஒவ்வொன்றாகத் தொகுப்புக்குத் திரும்பாமல் தொலைந்தன. தொகுப்பு தீர்ந்ததும், அடுத்து வந்த ஒவ்வொரு கோரிக்கையும் முடிவின்றிக் காத்து நின்றது. பயணிகள் பதிவு செய்யும் இயந்திரங்கள் முடங்கின, விமானங்கள் தாமதமாயின.

தொடர்ந்து தோற்கும் இணைப்பை நோக்கிச் சிறிது காலம் எந்த முயற்சியும் செய்யாமல் நிறுத்திவைக்கும் 'சர்க்யூட் பிரேக்கர்' முறையை இந்நூல் பரவலாக்கியது. வீட்டு மின்சுற்றில் மிகைமின்னோட்டம் வரும்போது விசை தானே விழுவதை ஒத்தது இம்முறை.

இருமுறை செய்தாலும் ஒருமுறை விளைவு

எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் ஆகியோர் 1984-இல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, ஒரு செயல் சரியாக முடிந்ததா என்பதை இடையிலுள்ள வலையமைப்பு உறுதிசெய்ய இயலாது, இரு முனைகளிலுமுள்ள பயன்பாடுகளே உறுதிசெய்ய வேண்டும் என்று வாதிட்டது. தரவேற்றத்தில் இதன் பொருள், இருமுறை அனுப்பினாலும் ஒருமுறை அனுப்பிய விளைவே வரும்படி ஏற்றத்தை அமைப்பதாகும்.

தரவுத்தளங்கள் இதற்கான கருவிகளைப் படிப்படியாகச் சேர்த்தன. இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்னும் 'மெர்ஜ்' கட்டளை எஸ்.கியூ.எல். 2003 தரவரையறையில் வந்தது. 2016 ஜனவரியில் வெளியான போஸ்ட்கிரெஸ் 9.5, 'இன்சர்ட் ஆன் கான்ஃபிளிக்ட்' வசதியைத் தந்தது. 08007 எழுப்பிய கேள்விக்கும் நேரடி விடைகள் வந்தன. 2013-இல் வெளியான ஆரக்கிள் 12சி, 'டிரான்சாக்‌ஷன் கார்ட்' வசதி மூலம் அறுந்த பரிவர்த்தனையின் முடிவை வழங்கியிடமே கேட்டறிய வழிசெய்தது. 2017-இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 10, பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்து அதன் நிலையைக் கேட்கும் செயற்கூற்றைச் சேர்த்தது.

இவ்வசதிகள் இல்லாத தரவுத்தளத்திலும் பயன்படும் எளிய முறை ஒன்று உண்டு. தரவு சேரும் அதே பரிவர்த்தனைக்குள், தொகுதியின் எண்ணையும் ஒரு கட்டுப்பாட்டு அட்டவணையில் எழுதுவதே அது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் மறு இணைப்புக்குப்பின் நிரல் அந்த அட்டவணையைப் பார்க்கும். 38 என்ற எண் இருந்தால் அத்தொகுதியின் தரவும் உறுதியாக இருக்கிறது. இல்லையெனில் இன்னொரு ஐயம் மீதியிருக்கிறது: பழைய இணைப்பின் பரிவர்த்தனையை வழங்கி இன்னும் முடித்துக்கொண்டிருக்கலாம். தொகுதி எண்ணை இருமுறை எழுத இயலாத தனித்தன்மைத் திறவுகோலாக வைத்து, தரவைச் சேர்க்குமுன் அதை முதலில் எழுதினால் இந்த ஐயமும் தீரும். பழையது முடியும்வரை புதியது காத்திருக்கும். பழையது வெற்றி பெற்றால் புதியது மறுக்கப்படும். 1960-களின் தடக்குறியும் 1970-களின் பரிவர்த்தனையும் இங்கு ஒன்றாகச் சேர்கின்றன.

இன்றைய நடைமுறை

ஏர்பிஎன்பி நிறுவனத்தில் 2014-இல் தொடங்கிய ஏர்ஃப்ளோ போன்ற கருவிகள், தோற்ற பணியை எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் மீண்டும் ஓட்டுவது என்பதை ஓர் அமைப்பு வரியாகச் சுருக்கிவிட்டன. இதனால் மறுமுயற்சி எளிதாயிற்று. ஆனால் மீண்டும் ஓட்டத் தகுந்தபடி பணி எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கருவி அறியாது.

தொகுதியின் அளவும் எழுதுபவரின் முடிவாகவே உள்ளது. போஸ்ட்கிரெஸின் 'காப்பி' கட்டளை முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் ஏற்றும்; நடுவில் அறுந்தால் ஏறிய பதிவு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவை பிடித்த இடம் துப்புரவு செய்யும்வரை வட்டில் கிடக்கும். முழுக் கோப்பும் ஒரே பரிவர்த்தனை என்றால் குழப்பம் குறைவு, தோல்வியின் செலவு அதிகம். சிறு தொகுதிகள் என்றால் செலவு குறைவு, கணக்கு வைத்துக்கொள்ளும் பொறுப்பு அதிகம்.

எல்லாப் பிழைகளையும் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் அடுத்த தொகுதிக்குச் செல்லும் குறுநிரல்களே இன்றும் மிகப் பெரிய தீங்கை விளைவிக்கின்றன. அவை 'வெற்றி' என்று அறிவித்து முடிகின்றன. விடுபட்ட பதிவுகள் வெளிப்படுவதோ மாதக் கடைசியில் கணக்கு ஒத்துப்போகாதபோதுதான். எனவே ஏற்றம் முடிந்ததும் கோப்பிலுள்ள பதிவுகளின் எண்ணிக்கையையும் தொகையையும் அட்டவணையில் உள்ளவற்றுடன் ஒப்பிடுவதும், ஒத்துப்போகாவிட்டால் குறுநிரல் தோல்வியை வெளிப்படையாக அறிவித்து நிற்பதும் நல்ல நடைமுறையாகக் கொள்ளப்படுகின்றன. துளை அட்டைக் காலத்துப் பணியாளர்களும் அட்டைக் கட்டுகளின் கூட்டுத்தொகையைச் சரிபார்த்த பின்னரே வேலையை முடித்தனர்.